கட்டட மின்சிக்கன விதிகள்: எதை எதால் வகுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்

போன மாதம் என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். சென்னைக்கு வெளியே அப்பா விட்டுப்போன மனையில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பன்னிரண்டு வீடுகள் கட்டுகிறார்கள். ஆர்க்கிடெக்ட் கொடுத்த தாள் அது. நடுவில் ஒரு வரி மட்டும் சிவப்பில்: "ஆர்.இ.டி.வி. 17.9, வரம்பு 15, தேறவில்லை." கீழே மச்சான் எழுதியிருந்தார், "மாப்ள, இது சுகர் ரிப்போர்ட் மாதிரி இருக்கே, யாருக்கு என்ன வியாதி?"

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தது நீண்டுபோய் இந்தக் கட்டுரையானது. கட்டட மின்சிக்கன விதிகளைத் திறந்தவுடன் முதல் சில பக்கங்களில் வரையறைகள் வரும். யூ மதிப்பு, எஸ்.எச்.ஜி.சி., வி.எல்.டி., ஆர்.இ.டி.வி., இ.பி.ஐ. என்று எழுத்துகளாகவே இருக்கும், பாதிப் பேர் அங்கேயே மூடிவிடுவார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வெறும் பின்னங்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. பள்ளியில் தொகுதி, பகுதி என்று படித்தோமே, அதேதான். மேலே இருப்பது எல்லோருக்கும் சுலபமாகப் புரிந்துவிடும்; குழப்பம், தகராறு, சில நேரம் தில்லுமுல்லு எல்லாம் கீழே இருக்கும் பகுதியில்தான் நடக்கும். எதால் வகுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அந்தச் சொல் கைக்குள் வந்துவிடும்.

முதலில் எந்த விதி, யாருக்கு என்பதைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனச் சட்டம்தான் மூலம். அதன்கீழ் 2002இல் எரிசக்தித் திறன் பணியகம் வந்தது (ஏசி, ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அவர்கள்தான்). கடை, அலுவலகம், மருத்துவமனை போன்ற வணிகக் கட்டடங்களுக்கு 2007இல் ஈ.சி.பி.சி. என்ற விதித்தொகுப்பு வெளியானது, 2017இல் அது திருத்தி எழுதப்பட்டது. குடியிருப்புகளுக்கு 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' வந்தது. 2022இல் சட்டத்தையே திருத்தி வீடுகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2024இல் இரண்டு தொகுப்புகளுக்கும் புதிய பதிப்புகள் வந்துவிட்டன. மாநிலங்கள் தங்கள் தட்பவெப்பத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. நான் கீழே சொல்லும் எண்கள் 2017, 2018 பதிப்புகளில் உள்ளவை. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் மாநிலத்தில் இப்போது எது நடப்பில் இருக்கிறதோ அந்தப் பதிப்பின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். சொற்களின் அர்த்தத்துக்கு இவையே போதும்.

யாருக்குப் பொருந்தும் என்பதிலேயே இரண்டு சொற்கள் வந்துவிடும். வணிகக் கட்டடம் என்றால் இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ., அதற்கு மேல். இணைப்புச் சுமை என்பது கட்டடத்தில் பொருத்தியிருக்கும் விளக்கு, ஏசி, லிஃப்ட், மோட்டார் எல்லாவற்றின் திறனையும் கூட்டினால் வருவது, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிறதா இல்லையா என்று கேட்காமல். ஒப்பந்தத் தேவை வேறு: "ஒரே நேரத்தில் அதிகபட்சம் இவ்வளவுதான் இழுப்பேன்" என்று மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்திருக்கும் அளவு. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு "நமக்கு அவ்வளவு கரண்ட் ஓடாதே, இது நமக்கு இல்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஓடுவதை வைத்து முதல் கணக்கு இல்லை, பொருத்தியிருப்பதை வைத்து. குடியிருப்புக்கு 2018 பதிப்பில் வைத்த அளவுகோல் மனைப் பரப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும். மச்சானின் மனை இரண்டரை கிரவுண்டுக்கு மேல், அதாவது 550 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. மாட்டிக்கொண்டார்.

உறை

கட்டட உறை என்ற சொல் எல்லா இடத்திலும் வரும். குளிரையோ வெப்பத்தையோ உள்ளே வெளியே பிரிக்கும் தோல் என்று வைத்துக்கொள்ளலாம்: வெளிச்சுவர், ஜன்னல், வெளிக்கதவு, கூரை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கும் சுவர் உறை ஆகாது. உறையை இரண்டாகப் பிரிக்கிறார்கள், வெளிச்சம் புகாத பகுதி, வெளிச்சம் புகும் பகுதி. சுவரும் மரக்கதவும் முதல் வகை, கண்ணாடி இரண்டாவது. ஏன் இந்தப் பிரிவு என்றால், சுவர் வழியாக வெப்பம் ஒரே ஒரு வழியில்தான் வரும், சூடேறி ஊர்ந்து வரும். கண்ணாடி வழியாக இரண்டு வழியில் வரும்: அப்படி ஊர்ந்து வருவது ஒன்று, வெயில் நேரே புகுந்துவிடுவது இன்னொன்று. ஆகவே சுவருக்கு ஒரு எண் போதும், கண்ணாடிக்கு இரண்டு வேண்டும்.

அந்த ஊர்ந்து வரும் வெப்பத்துக்கான எண்தான் யூ மதிப்பு. ஒரு சதுர மீட்டர் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே உள்ளே ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். அப்போது அந்தச் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் போகிறது? அவ்வளவுதான் யூ மதிப்பு. மேலே வாட், கீழே சதுர மீட்டரும் டிகிரியும். குறைவாக இருந்தால் நல்லது.

இதை யாரோ ஆய்வகத்தில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று இல்லை, பெரும்பாலான சுவர்களுக்கு நாமே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்தைக் கொஞ்சம் தடுக்கிறது. தடிமனை அந்தப் பொருளின் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் அந்தத் தடை கிடைக்கும், அதற்கு ஆர் மதிப்பு என்று பெயர். நம்ம ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 230 மில்லிமீட்டர், அதாவது 0.23 மீட்டர். செங்கல்லின் கடத்துதிறன் சுமார் 0.81. வகுத்தால் 0.284. இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்து 30 மில்லிமீட்டர், அதன் தடை 0.042. இவை போக, சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலமே கொஞ்சம் தடுக்கும், உள்பக்கம் 0.13, வெளிப்பக்கம் 0.04. எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 0.5. ஒன்றை இதால் வகுத்தால் யூ மதிப்பு 2. அதே இடத்தில் 200 மில்லிமீட்டர் ஏ.ஏ.சி. பிளாக் (லேசான கான்கிரீட் கல்) வைத்தால், அதன் கடத்துதிறன் 0.18 அளவில் என்பதால், யூ மதிப்பு 0.76க்கு இறங்கிவிடுகிறது. உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி, அதனால்தான்.

பத்து சதுர மீட்டர் செங்கல் சுவர், உள்ளே வெளியே எட்டு டிகிரி வித்தியாசம் என்றால் 2 பெருக்கல் 10 பெருக்கல் 8, ஆக 160 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு இரண்டரைக்கு மேல் அறைக்குள் சும்மா எரிந்துகொண்டே இருப்பதற்குச் சமம்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெப்பம் எவ்வளவு என்று யூ மதிப்பு சொல்லும், எப்போது வரும் என்று சொல்லாது. தாத்தா வீட்டுத் தடிச்சுவர் மதியம் குளுகுளுவென்று இருந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அனல் விடும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தாமதம் இந்த எண்ணில் இல்லை. "பழைய சுவர்தான் குளிர்ச்சி" என்று பெரியவர்கள் சொல்வதும், "அதன் யூ மதிப்பு மோசம்" என்று ஆர்க்கிடெக்ட் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். சண்டை போட வேண்டாம்.

கண்ணாடியின் இரண்டாவது எண்

எஸ்.எச்.ஜி.சி. என்பதைச் சூரிய வெப்பம் புகும் விகிதம் என்று சொல்லலாம். கண்ணாடி மேல் விழும் வெயில் கீழே, அதில் உள்ளே வெப்பமாக வந்துசேர்வது மேலே. அலகு கிடையாது, 0க்கும் 1க்கும் நடுவில் ஒரு எண். சாதாரண 6 மில்லிமீட்டர் வெள்ளைக் கண்ணாடிக்கு 0.82 வரும், அதாவது நூறு பங்கு வெயிலில் 82 பங்கு வீட்டுக்குள். ஈ.சி.பி.சி. 2017இல் குளிர்ப்பிரதேசம் தவிர மற்ற இடங்களில் வணிகக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 0.27 என்று இருக்கிறது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு இடம் உண்டு. வடக்கு பார்த்த ஜன்னலுக்கு அந்த விதி சலுகை கொடுக்கிறது, 0.50 வரை போகலாம் என்று. வடக்கில் வெயில் விழாது என்ற நினைப்பு. ஆனால் அந்தச் சலுகை 15 டிகிரி அட்சரேகைக்கு மேலே இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான். அதற்குக் கீழே வடக்குக்கும் அதே 0.27. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வருகிறது. அந்த மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கில் நிற்கும். அக்கினி நட்சத்திரமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கன்னியாகுமரி வரை தமிழ்நாடு முழுக்கவே 15 டிகிரிக்குக் கீழே என்பதால் அந்தச் சலுகை நமக்குக் கிடையாது. டெல்லியில் வரைந்த பிளானை அப்படியே இங்கே கொண்டுவந்து கட்டினால் எங்கே இடிக்கும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

சன்ஷேடு போட்டால் கண்ணாடி மாறாது, ஆனால் அதன் மேல் விழும் வெயில் குறையும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவதைச் சமான எஸ்.எச்.ஜி.சி. என்கிறார்கள். கண்ணாடி 0.82ஆகவே இருக்கும், நல்ல சன்ஷேடு இருந்தால் கணக்கில் 0.6, 0.5 என்று இறங்கும். எந்தத் திசைக்கு எவ்வளவு நீட்டினால் எவ்வளவு குறையும் என்று அட்டவணையே உண்டு.

வி.எல்.டி. என்பது இதற்கு எதிர்ப்பக்கம்: கண்ணாடி வழியே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் எத்தனை பங்கு உள்ளே வருகிறது. வெப்பத்தைத் தடுக்கிறேன் என்று கன்னங்கரேல் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பட்டப்பகலில் டியூப்லைட் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்துத்தான் இதில் அதிகபட்சம் வைக்காமல் குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்கள், 0.27. கடையில் கண்ணாடி வாங்கும்போது இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை மட்டும் பெருமையாகச் சொன்னால் இன்னொன்றில் ஏதோ இருக்கிறது.

மச்சானின் 17.9

இப்போது ஆர்.இ.டி.வி.க்கு வரலாம். குடியிருப்பின் உறை வழியாக, குளிர்ச்சி தேவைப்படும் மாதங்களில், சராசரியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, அதை உறையின் பரப்பால் வகுத்தால் என்ன வருகிறது. சதுர மீட்டருக்கு இத்தனை வாட். குளிர்ப்பிரதேசம் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் வரம்பு 15. பகுதியைக் கவனியுங்கள்: உறை என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லிலேயே "கூரை தவிர" என்று இருக்கிறது. மொட்டைமாடிக்கு எவ்வளவு செலவழித்தாலும் ஆர்.இ.டி.வி. ஒரு புள்ளி கூட இறங்காது. கூரைக்குத் தனி வரம்பு, பிறகு வருகிறேன்.

கணக்கில் மூன்று துண்டுகள்: சுவர் வழியே ஊர்ந்து வருவது, கண்ணாடி வழியே ஊர்ந்து வருவது, கண்ணாடி வழியே வெயிலாகப் புகுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண். நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை சூடும் ஈரப்பதமும் கொண்ட மண்டலத்தில் வரும், அதற்குப் பெருக்கெண்கள் முறையே 5.15, 1.31, 65.21. மூன்றாவது எண்ணின் சைஸைப் பார்த்தீர்களா? கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது. இவை போகத் திசைக்கு ஒரு காரணி உண்டு, மேற்கும் கிழக்கும் ஒன்றுக்கு மேல், வடக்கு ஒன்றுக்கு நன்றாகக் கீழே. எளிமைக்காக எல்லாத் திசையும் 1 என்று வைத்துக்கொள்வோம்.

உறையில் நூற்றுக்கு 85 பங்கு செங்கல் சுவர், 15 பங்கு சாதாரணக் கண்ணாடி, சன்ஷேடு இல்லை.

சுவர்: 5.15 × 0.85 × 2 = 8.75
கண்ணாடி, ஊர்ந்து வருவது (யூ மதிப்பு 5.8): 1.31 × 0.15 × 5.8 = 1.14
கண்ணாடி, வெயில்: 65.21 × 0.15 × 0.82 = 8.02

கூட்டினால் 17.9. மச்சானின் வியாதி இதுதான்.

இனி வைத்தியம். ஜன்னல் விற்பவர் ஒருவர் வந்து "டபுள் கிளாஸ் போடுங்க சார், யூ மதிப்பு பாதியாகிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரி, 5.8ஐ 2.8 ஆக்கிப் பாருங்கள். நடுத்துண்டு 1.14இலிருந்து 0.55க்கு வரும், அவ்வளவுதான், மொத்தத்தில் 0.6 குறைகிறது. டபுள் கிளாஸால் எஸ்.எச்.ஜி.சி.யும் கொஞ்சம் இறங்கும் என்றாலும், கொடுக்கிற காசுக்கு இது தீர்வு கிடையாது. குளிர்நாட்டில் யூ மதிப்புக்குத்தான் முதல் மரியாதை, ஜன்னல் விளம்பரங்கள் அந்த ஊர்களுக்காக எழுதப்பட்டவை. இங்கே கண்ணாடியின் யூ மதிப்பைவிட வெயிலைத் தடுப்பதுதான் முக்கியம்.

கண்ணாடியை அப்படியே விட்டுச் சன்ஷேடை நீட்டி, சமான எஸ்.எச்.ஜி.சி.யை 0.55க்குக் கொண்டுவந்தால்? மொத்தம் 15.3, மயிரிழையில் ஃபெயில். 0.52 என்றால் 14.98, மயிரிழையில் பாஸ். ஜன்னலைக் குறைத்து 10 பங்காக்கினால்? சன்ஷேடு இல்லாமல் 15.4, அதுவும் ஃபெயில், வீடும் இருட்டு. காரணம் முதல் துண்டு: செங்கல் சுவர் ஒன்றே 15இல் எட்டே முக்காலைத் தின்றுவிடுகிறது. சுவரை ஏ.ஏ.சி. பிளாக்காக மாற்றினால் முதல் துண்டு 3.33க்கு இறங்கி, மொத்தம் 12.5. ஜன்னலைத் தொடவே வேண்டாம். மச்சானுக்கு இந்தக் கணக்கை அனுப்பியபோது "அப்ப மூணாவது தலைமுறையா செங்கல் சூளை வச்சிருக்கிற எங்க சித்தப்பாகிட்ட நான் என்ன சொல்றது" என்று பதில் வந்தது. அதற்கு விதியில் வரையறை இல்லை.

ஜன்னல் எவ்வளவு, திறப்பது எவ்வளவு

ஜன்னல்–சுவர் விகிதம் என்றால் கண்ணாடிப் பரப்பு மேலே, வெளிச்சுவரின் மொத்தப் பரப்பு கீழே. மொத்தம் என்றால் ஜன்னல் இருக்கும் இடத்தையும் சேர்த்து. ஜன்னலைக் கழித்துவிட்டு மிச்சச் சுவரால் வகுப்பது அடிக்கடி நடக்கும் தப்பு: 40 சதுர மீட்டர் கண்ணாடி, 60 சதுர மீட்டர் சுவர் என்றால் விகிதம் 40 சதவீதம், 67 சதவீதம் வராது. ஈ.சி.பி.சி.யில் அட்டவணையைப் பார்த்து நேரடியாகத் தேறும் வழியில் போகிறவர்களுக்கு 40தான் உச்சவரம்பு.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, எகோ நிவாஸில் வரும் திறப்பு–தரை விகிதம். இங்கே மேலேயும் மாறிவிட்டது, கீழேயும் மாறிவிட்டது. மேலே இருப்பது கண்ணாடி கிடையாது, உண்மையில் திறந்து காற்று வரும் பரப்பு. கீழே இருப்பது சுவர் கிடையாது, வீட்டின் கார்பெட் ஏரியா. நம்முடைய ஈரப்பத மண்டலத்துக்குக் குறைந்தபட்சம் 16.66 சதவீதம், ஆறில் ஒரு பங்கு. வறண்ட வெப்ப மண்டலத்துக்கு 10 போதும். அங்கே காற்றைவிட நிழல் முக்கியம், இங்கே வியர்வை காய வேண்டுமே.

70 சதுர மீட்டர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறில் ஒரு பங்கு, 11.7 சதுர மீட்டர் திறக்க வேண்டும். இப்போது எல்லோரும் போடுவது இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னல். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும், எப்படி நகர்த்தினாலும் பாதிதான் திறக்கும், விதியும் 50 சதவீதம்தான் கணக்கில் எடுக்கும். ஆக 11.7 கிடைக்க 23.3 சதுர மீட்டருக்கு ஜன்னல் வைக்க வேண்டும். அவ்வளவு கண்ணாடி வைத்தால் ஆர்.இ.டி.வி. எகிறிவிடும். கீல் வைத்து வெளியே திறக்கும் பழைய மாடல் ஜன்னல் என்றால் 90 சதவீதம் கணக்கில் வரும், 13 சதுர மீட்டர் போதும். பால்கனிக் கதவும் இதில் சேரும், நடைபாதைக்குத் திறக்கும் வாசல் கதவு சேராது. ஸ்லைடிங்கிலிருந்து கீல் ஜன்னலுக்கு மாறினாலே கண்ணாடியும் குறைகிறது, காற்றும் அதேதான், ஆர்.இ.டி.வி.யும் இறங்குகிறது. திரை மாட்டக் கஷ்டம், கொசுவலை போடக் கஷ்டம் என்று வீட்டில் பெண்கள் சொல்வதும் நியாயம்தான், அதைப் பேசி முடிக்க வேண்டியது அவரவர் பாடு.

கூரை. நாள் முழுக்க வெயில் தின்பது அதுதான், மேல்மாடிக்காரரைக் கேளுங்கள். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால் யூ மதிப்பு 3ஐத் தாண்டும். எகோ நிவாஸ் வரம்பு 1.2. தளத்துக்கு மேல் 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் வகைப் பலகை போட்டு அதன்மேல் தட்டோடு பதித்தாலே ஒன்றுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும், தேறிவிடலாம். வணிகக் கட்டடத்துக்குப் பொதுவாக 0.33 வேண்டும், அதற்கு அதே பலகை சுமார் 95 மில்லிமீட்டர் தேவைப்படும். கூடவே இரண்டு சொற்கள்: பிரதிபலிப்பு, உமிழ்வு. மேலே விழும் வெயிலில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பது முதலாவது. ஏறிய சூட்டை எவ்வளவு சுலபமாக வானத்துக்கு விடுகிறது என்பது இரண்டாவது. தட்டைக் கூரைக்கு ஈ.சி.பி.சி. 0.60ம் 0.90ம் கேட்கிறது. வெள்ளையடித்த தளம் இரண்டிலும் தேறும். பளபளக்கும் தகரம் முதலாவதில் நன்றாக இருந்தும் இரண்டாவதில் விழுந்துவிடும், அதனால்தான் கண்ணைக் கூசும் அந்தத் தகரத்தை மத்தியானம் தொட முடிவதில்லை.

அலுவலகக்காரர்களுக்கு

வணிகக் கட்டடங்களின் பேச்சில் அதிகம் அடிபடும் சொல் இ.பி.ஐ. வருஷத்துக்கு எத்தனை யூனிட் செலவாகிறது, அதைக் கட்டடப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு எத்தனை. கேட்க இதைவிட எளிது எதுவும் இல்லை, ஏமாற்றுவதற்கும். வருஷம் 2,40,000 யூனிட் செலவாகும் ஒரு அலுவலகம், 2,000 சதுர மீட்டர். இ.பி.ஐ. 120. அடியில் ஏசி இல்லாத 500 சதுர மீட்டர் கார் நிறுத்துமிடத்தையும் கீழே சேர்த்துக்கொண்டால் 96. ஒரு விளக்கைக் கூட அணைக்காமல் இருபது சதவீதம் "சேமிப்பு". அதனால்தான் வரையறையிலேயே ஏசி இல்லாத அடித்தளத்தைக் கழித்துவிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். யாராவது தங்கள் கட்டடத்தின் இ.பி.ஐ.யைப் பெருமையாகச் சொன்னால் "எந்தப் பரப்பு சார்?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், நேரம். ஒன்பதிலிருந்து ஆறு வரை இயங்கும் அலுவலகத்தையும் மூன்று ஷிஃப்ட் ஓடும் கால் சென்டரையும் ஒரே இ.பி.ஐ.யில் வைத்து ஒப்பிடுவது அநியாயம். கால் சென்டர் வகைக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும்போது எரிசக்தித் திறன் பணியகமே பகுதியில் இயங்கும் மணிக்கணக்கையும் சேர்த்துக்கொண்டது, அதற்கு வேறு பெயர் வைத்து.

இ.பி.ஐ. விகிதம் என்பது தனி. இங்கே உங்கள் கட்டடத்தைக் கணினியில் இரண்டு தடவை கட்டுகிறார்கள். ஒன்று நீங்கள் வரைந்தபடி. இன்னொன்று அதே பரப்பு, அதே வடிவம், ஆனால் சுவர், கண்ணாடி, விளக்கு, ஏசி எல்லாம் விதி கேட்கும் குறைந்தபட்சத்தில், வரம்பைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கிற ஒரு கற்பனை இரட்டை. முதலாவதின் இ.பி.ஐ.யை இரட்டையின் இ.பி.ஐ.யால் வகுக்க வேண்டும். 1 அல்லது அதற்குக் கீழே வந்தால் தேர்ச்சி. கண்ணாடி அதிகம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஏசியிலும் விளக்கிலும் மிச்சம்பிடித்து ஈடுகட்டுவது இந்த வழியில்தான். ஈ.சி.பி.சி. 2017 மூன்று படிகள் வைத்தது: சாதாரணக் கட்டடத்தைவிட 25 சதவீதம் மிச்சமானால் முதல் படி, 35 என்றால் 'பிளஸ்', 50 என்றால் 'சூப்பர்'.

மிச்சச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். விளக்குச் செறிவு என்பது பொருத்திய விளக்குகளின் மொத்த வாட்டைப் பரப்பால் வகுத்தது. அலுவலகத்துக்கு முதல் படியில் சதுர மீட்டருக்கு 9.5 வாட், எல்.இ.டி. காலத்தில் இதில் தேறாமல் இருப்பதுதான் கஷ்டம். சி.ஓ.பி. என்பது ஏசி வெளியேற்றும் வெப்பத்தை அது தின்னும் மின்சாரத்தால் வகுத்தது. ஒரு டன் ஏசி என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அள்ளி வெளியே போடும், அதற்கு 1 கிலோவாட் மின்சாரம் எடுத்தால் சி.ஓ.பி. 3.5. (டன் என்பது எடை இல்லை, ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம், ஐஸ் வைத்து அறையைக் குளிர்வித்த காலத்து மிச்சம்.) ஆனால் ஏசி வருஷம் முழுக்க ஒரே வெயிலில் ஓடுவதில்லை. 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை இந்தியாவில் எத்தனை மணி நேரம் எந்த வெப்பநிலை இருக்கிறது என்று பிரித்து, வருஷத்துக் குளிர்ச்சியை வருஷத்து மின்சாரத்தால் வகுத்தால் வருவது ஐ.எஸ்.இ.இ.ஆர். ஏசி மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர அட்டையில் இருக்கிற எண் இதுதான்.

மச்சான் கடைசியில் ஏ.ஏ.சி. பிளாக்குக்கே போய்விட்டார். காம்பவுண்டு சுவரும் உள்சுவர்களும் சித்தப்பா சூளைச் செங்கல். அவை உறையில் வராது என்பதைக் கண்டுபிடித்தவர் அவரேதான், வரையறைப் பக்கத்தை எனக்கு மறுபடியும் படம் பிடித்து அனுப்பி, "தவிர" என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டு. மேற்குப் பக்கச் சன்ஷேடு இரண்டடியா, இரண்டரையா என்பதில் மட்டும் கொத்தனாரோடு இன்னும் பேச்சு நடக்கிறது.